கண் துஞ்சாக் காவலன்

1

ஊரில் இதை வாசிக்கப்போகிறவர்களில் சிலர் ஒரு செத்தவீட்டில் நான் பேசியதைக் கேட்டிருப்பீர்கள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. யோகேஸ்வரன் என்ற பதினெட்டு வயதுப் பிள்ளையின் பெட்டி, ஆணி அடித்து மூடப்பட்டு, முற்றத்தில் இருந்தது. நான் அதன் தலைமாட்டில் நின்று அவனைக் ‘கண் துஞ்சாக் காவலன்’ என்றேன். பெண்கள் குரலெடுத்து அழுதார்கள். சொற்றொடர் நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அது பொய் என்பதும் தெரிந்தது.

அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ளவே இதை எழுதுகிறேன். நான் இருப்பது நியூசிலாந்தின் ஒக்லண்டில். இந்தக் குளிர்காலத்தில் இங்கே நடந்தவற்றை விட்டுவிட்டு அதை மட்டும் சொன்னால், மனம் வந்து சொன்னவன் போலத் தோன்றும். நான் மனம் வந்து சொல்லவில்லை. ஒரு கல் சொல்லவைத்தது.

2

ஹில்ஸ்பரோவில் மகனின் வீட்டில் இருக்கிறேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் பகலில் நானும் ஹீட்டரும்தான். பேத்தி ஆரணிக்கு இது பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். அவள் ஆங்கிலத்தில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். இரண்டு பேரும் அப்படியே ஒத்துக்கொண்டுவிட்டோம். ஊரில் உயர்தர வகுப்புக்கு நான் படிப்பித்த கிரேக்க உரோம நாகரிகத்தை இங்கே அவள் படிக்கிறாள். அவளும் நானும் சந்தித்துக்கொள்ள வேறு இடமில்லை. அவளுக்கு எங்கள் ஊரின் பெயர் சரியாக வாயில் வராது. உரோமின் ஏழு குன்றுகளின் பெயரும் வரும்.

என்னை எங்கும் ஏற்றி இறக்குகிறவன் தவம். செத்துப்போன யோகேஸ்வரனின் தம்பி. மனுரேவாவில் வீடு, பென்ரோஸில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். தமையன் செத்தபோது அவனுக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. நான் கார் ஓட்டுவதை விட்டபிறகு கோயில், டாக்டர், சந்தை எல்லாம் அவனோடுதான். யாரையாவது கண்டால் என்னைக் காட்டி, “எங்கட அண்ணாவுக்குக் கடைசியாப் பேசின மாஸ்டர்” என்று அறிமுகப்படுத்துவான். அவனுடைய அம்மா போன வருடம் சாகும்வரை, நான் போகும் நாளெல்லாம் எனக்கென்று ஒடியல் கூழ் வைத்துத் தந்தார். குடித்தேன். சும்மா குடிக்கவில்லை, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஒரு சனிக்கிழமை அருங்காட்சியகத்தில் உரோம எல்லைப்படையைப் பற்றிய கண்காட்சி இருந்தது. ஆரணிக்குப் பள்ளிக்கூடத்தில் அதைப்பற்றி எழுதவேண்டும். தவம் எங்களைக் கொண்டுபோனான். காரில் இருக்காமல் அவனும் உள்ளே வந்தான்.

அங்கே ஒரு சாதாரணச் சிப்பாயின் நினைவுக்கல் இருந்தது. அசலின் வார்ப்பு. கையில் ஈட்டி, மறுகையில் கேடயம், மூக்கு உடைந்த முகம். அவனுடைய காலடியில் தலைமயிர் விரிந்து கிடக்கிற எதிரி ஒருவன். கீழே எழுத்துகள்.

“மாஸ்டர், இவர் பெரிய ஆளோ?” என்றான் தவம்.

“இல்லை. வெறும் சிப்பாய்.”

“பின்ன என்னத்துக்குக் கல்லு?”

என் பழைய லத்தீனைத் துடைத்து எடுத்து வாசித்தேன். பெயர் பாதி உடைந்துபோயிருந்தது. இன்னாருடைய மகன். கிழக்கே வெயில் நாட்டில் பிறந்தவன். வடக்கே பனி கொட்டுகிற ஆற்றங்கரையில் எல்லை காத்தவன். வயது. சேவை செய்த காலம். கடைசி வரியில், இதைத் தம்பி செய்வித்தான் என்றிருந்தது.

தவம் அந்தக் கடைசி வரிக்குக் கிட்டக் குனிந்தான். பிறகு, “தம்பியோ?” என்றான்.

“ஓம்.”

“எப்பிடிச் செத்தவர் எண்டு இல்லையோ?”

“இல்லை. அவையள் அதை அநேகமா எழுதிறேல்ல.”

“நான் எழுதுவன் மாஸ்டர். அம்மான்ர கல்லுக்குக் கீழ அண்ணான்ர பேரும் வெட்டப்போறன். ஊரில அவருக்கு ஒரு கல்லும் இல்ல. உங்கட வரியைத்தான் போடப்போறன்.”

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

திரும்பும்போது, ஆரணி பின்சீற்றிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். “அப்பப்பா, காவலில் தூங்கினால் இவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? சொந்தக் கூட்டாளிகளே தடியால் அடித்துக் கொல்வார்களாம். எவ்வளவு கேவலம்!”

தவத்துக்கு அவளுடைய ஆங்கிலம் நன்றாக விளங்கும். “அதுதான் பிள்ளை டிசிப்ளின். எங்கட அண்ணாவும் காவலில நிண்டுதான் செத்தவர். ஆனா அவர் கண் மூடேல்ல. கேட்டுப்பார், அப்பப்பா சொல்லுவார்.”

ஆரணி என் முகத்தைப் பார்ப்பது முன்னால் தொங்கிய கண்ணாடியில் தெரிந்தது. “குளிருது, ஹீட்டரைக் கூட்டு தவம்,” என்றேன்.

3

பல்கலைக்கழகத்திலிருந்து வந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கியபோது, வகுப்பைச் சிரிக்கவும் நடுங்கவும் வைக்கிற வாத்தியார் என்று எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் நேசித்தேன். உரோமப் படையின் ஒழுங்கைப் படிப்பித்த நாளில் சேகர் என்ற மாணவனை முன்னால் கூப்பிட்டு, அடிமட்டத்தால் அவனுடைய தோளை மெல்லத் தொட்டேன். “இவன் காவலில் நித்திரை கொண்டவன். அதிகாரி இப்படித் தொடுவார். அவருடைய வேலை அவ்வளவுதான். மிச்சம் உங்களுடையது.” வகுப்பு எழும்பி, சிரித்துச் சிரித்து, கொப்பிகளால் அவனுடைய முதுகில் மொத்தியது. சேகரும் சிரித்தான்.

சில வருடங்களில் சேகர் ஓர் ஆயுத இயக்கத்தின் பகுதிப் பொறுப்பாளர் ஆனான். என் பக்கத்து வீட்டார் கொழும்புக்குப் போய்விட்டதால் அந்த வீட்டில் முகாம் போட்டான். ஒருநாள் பின்னேரம், நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது வேலியில் இருந்த பொட்டு இடைவெளிக்குள்ளால் நுழைந்து வந்தான்.

“சேர், ஒரு சந்தேகம்.”

“கேள்.”

“சென்ரியில நித்திரை கொண்டவனுக்கு உரோமன்காரர் செய்தது... பொறுப்பாளர்தானே அடிச்சுக் கொல்லுறது?”

“பிழை. அவர் தொடமட்டும்தான். இவன் நித்திரை கொண்டதால ஆரின்ர உயிர் போகப் பாத்ததோ, அவங்கள்தான் அடிக்கவேணும். அதுதான் அதின்ர தத்துவம்.”

“அதுதான் சேர் கேக்க வந்தனான். பெடியள் சுட்டுப்போடுவம் எண்டுறாங்கள்.”

“ஆரடா நித்திரை கொண்டது?”

“யோகன். மதகடியில. ஆமி வந்திருந்தா நாங்கள் அவ்வளவு பேரும் முடிஞ்சிருப்பம்.”

நான் ஒன்றும் விளங்காமல் அதைச் சொல்லவில்லை. ‘ஆரடா’ என்று கேட்பதற்கு முன்பே விளங்கிவிட்டது. யோகன் என்று எல்லோரும் கூப்பிட்ட யோகேஸ்வரன் எனக்குத் தெரிந்த பிள்ளை. கீழ் வகுப்பில் என்னிடம் படித்தவன். மன்னித்த உரோமத் தளபதிகளும் இருந்தார்கள். அதையும் நான் படித்திருக்கிறேன். வகுப்பில் சொல்வதில்லை, சொன்னால் பாடத்தின் கூர் மழுங்கிவிடும். அன்றும் சொல்லவில்லை. பரீட்சைத் தாளைத் திருத்துகிறவன் போல அவனுடைய விடையைத் திருத்தி அனுப்பிவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணீரைக் குடித்து முடித்தேன்.

அடுத்தநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு உடுத்திக்கொண்டிருந்தபோது வேலி பிடுங்குகிற சத்தம் கேட்டது. என் வேலிதான். வேலிக்கு நட்ட காய்ந்த பூவரசந் தடிகளாக, கதியால்களாகப் பார்த்துப் பிடுங்கினார்கள். அந்த இடைவெளிக்குள்ளால் எனக்கு எல்லாம் தெரிந்தது.

யோகனை முருங்கைக்குக் கீழே முழங்காலில் இருத்தியிருந்தார்கள். கட்டவில்லை. பெடியள் சுற்றி நின்றார்கள், ஒருவனுக்கும் மீசை கறுக்கவில்லை. சேகர் ஒரு கதியாலை நீட்டி யோகனின் தோளை மெல்லத் தொட்டான். நான் அடிமட்டத்தால் சேகரைத் தொட்ட அதே பக்கத் தோள், அதே மெதுமை. ஒருவரும் அசையவில்லை. அப்போது சேகர் வேலி இடைவெளிக்குள்ளால் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று நான் தலையை ஒருமுறை ஆட்டியிருந்தால் போதும். அவன் அதற்காகத்தான் பார்த்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். நான் ஆட்டவில்லை.

முதல் அடி முதுகில் விழுந்தது. அது பயந்த அடி, உரம் இல்லை. யோகன் விழவில்லை, “அண்ணை, இண்டைக்கும் நான் நிக்கிறன் அண்ணை, நான் தனிய நிக்கிறன்” என்றான். இரண்டாவது ஆள் தலைக்கு ஓங்கினான். யோகன் கைகளால் தலையை மூடினான். விரல்கள் முறிந்த சத்தம் என் பக்கத்துக்குக் கேட்டது. அதன்பிறகு பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. எல்லோரும் ஒன்றாக விழுந்தார்கள். கதியால் ஒன்று நடுவில் முறிந்தது. முறிந்த கூரால் குத்தினார்கள். ஒருவன் அழுதுகொண்டே அடித்தான். இன்னொருவன் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து திரும்ப அடித்தான்.

ஒருமுறை யோகன் முகத்தைத் திருப்பினான். ஒரு கண் மூடிப்போய்விட்டது. மற்றக் கண் என்னைக் கண்டது.

“மாஸ்டர், சொல்லுங்கோ மாஸ்டர்.”

நான் சொல்லவில்லை. மனிதன் இலகுவில் சாகிறதில்லை என்பதை அன்று அறிந்தேன். உரோம நூல்கள் அந்த நேரத்தை ஒரு வாக்கியத்தில் முடித்துவிடும். இது முருங்கைப் பூவெல்லாம் கொட்டி முடியும்வரை நடந்தது. சத்தம் நின்றபின் சேர்ட்டைக் காற்சட்டைக்குள் விட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். முதலாம் பாடம் எனக்கு இருந்தது. படிப்பித்தேன்.

பின்னேரம் சேகர் வந்து, “சேர், ஆமி அடிச்ச செல் விழுந்து செத்தது எண்டு வீட்டுக்குச் சொல்லியிருக்கிறம். நீங்கள் ரெண்டு வார்த்தை பேசவேணும்” என்றான். பேசினேன். மிச்சம் உங்களுக்குத் தெரியும். வேலி இடைவெளிக்குத் தென்னோலைக் கிடுகு வைத்துக் கட்டினேன். கொஞ்சக் காலத்தில் இன்னொரு இயக்கம் இந்த இயக்கத்தைத் தேடித் தேடி அழித்தது. சேகர் சந்தியில் சுடப்பட்டு, எடுக்க ஆளில்லாமல் வெயிலில் கிடந்தான். அழிந்த இயக்கத்தின் பிள்ளைகளுக்கு ஒருவரும் கல் வைக்கவில்லை. நடந்ததைக் கண்டவர்களில் மிஞ்சியவன் நான் ஒருவன்தான் என்று நினைத்து, பல வருடம் நன்றாக நித்திரை கொண்டேன்.

4

கல் வெட்டுகிற இடம் பென்ரோஸில், தவத்தின் வேலைத்தலத்துக்குக் கிட்ட. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பசிபிக் தீவான ரொங்காவைச் சேர்ந்த ஒரு பெரிய மனிதர், மரியாதையானவர். தங்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, ஆகவே தெரிந்த ஒருவர் மாதிரித் தாளை வாசித்துக் கையெழுத்து வைக்கவேண்டும், வெட்டியபின் திருத்தமுடியாது என்றார்.

“என்ர மாஸ்டர்,” என்று தவம் என்னை முன்னால் விட்டான்.

தாளில் அம்மாவின் பெயர். கீழே யோகேஸ்வரனின் பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது. அதன் கீழே ‘கண் துஞ்சாக் காவலன்’. கடைசியில், ‘தம்பி செய்வித்தான்’. அருங்காட்சியகத்தில் கேட்டதை அவன் அப்படியே மனதில் வைத்திருந்தான்.

“எல்லாம் சரிதானே?” என்று ரொங்கன் மனிதர் ஆங்கிலத்தில் கேட்டுப் பேனையைத் தந்தார். அவர் எழுத்துகளைத்தான் கேட்டார்.

பேனையைப் பிடித்தேன். திரும்ப மேசையில் வைத்தேன்.

“தவம், இந்த வரியை எடுத்துவிடு.”

“ஏன் மாஸ்டர்? உங்கட வரிதானே?”

“எடுத்துவிடு.”

“சும்மா விளையாடாதேங்கோ. நாப்பது வருசமா நான் மனசுக்க வச்சிருக்கிற வரி. அம்மா சாகேக்கயும் அதைத்தான் சொன்னவ.”

“காருக்கு வா. சொல்லுறன்.”

காரில் வைத்துச் சொன்னேன். இங்கே எழுதியதைவிடக் குறைவாகச் சொல்லவில்லை. பக்கத்தால் லொறிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். நான் முடித்தபின் மெல்லக் கேட்டான்.

“அண்ணா உங்களைக் கண்டவரோ?”

“ஓம்.”

“என்ன சொன்னவர்?”

“‘சொல்லுங்கோ மாஸ்டர்’ எண்டவன்.”

“நீங்கள்?”

“நான் ஒண்டும் சொல்லேல்ல.”

அவன் திரும்பியதை நான் காணவில்லை. என் கோட்டின் கழுத்தைப் பிடித்து என் தலையைக் கதவுக் கண்ணாடியோடு அடித்தான். மூக்குக்கண்ணாடி தெறித்தது. திரும்ப அடித்தான். “எங்கட வீட்டில குடிச்சனீங்களே! அம்மான்ர கையால வாங்கிக் குடிச்சனீங்களே!” என்று அடித்தான். வாய்க்குள் இரத்தம் உப்புக் கரித்தது. நான் கையைத் தூக்கவில்லை. தூக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை வந்தது என்பதையும் எழுதவேண்டும்; அடிபடுவதிலும் நான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெருமையை அவன் அடுத்துச் சொன்னது உடைத்தது. கோட்டை விட்டுவிட்டு, மூச்சிரைக்க, என்னோடல்ல, காரோடு கதைப்பவன் போலச் சொன்னான்.

“சென்ரிக்குப் போன அண்டைக்குப் பகல் முழுக்க அண்ணா தோட்டத்தில நிண்டவர். அப்பாவுக்குக் காய்ச்சல். வெங்காயம் வாடுது எண்டு அம்மா அழுதவ. நான்தான் முகாமுக்கு ஓடிப்போய் அண்ணாவைக் கூட்டிக்கொண்டு வந்தனான். இறைப்பு மிசினும் பழுது. துலாவில இறைச்சு இறைச்சு பாத்திக்குத் தண்ணி மாறினவர். திரும்பிப் போகேக்க நடக்கவே ஏலாமல் போனவர். நான் சிரிச்சனான் மாஸ்டர். ‘அண்ணா கிழவன் மாதிரி நடக்கிறார்’ எண்டு சிரிச்சனான்.”

நான் சுமந்ததை இறக்கிவைக்கிறேன் என்று நினைத்தேன். இறக்கியது அவனுடைய தலையில். செல் விழுந்து செத்த தமையனுக்கு அவன் ஒரு கடனும் வைத்திருக்கவில்லை. இப்போது வைத்துவிட்டேன்.

“உன்னில பிழை இல்லை தவம். நீ சின்னப்பிள்ளை.”

“வாயை மூடுங்கோ. எதைச் சொல்லவேணும் எதைச் சொல்லக்கூடாது எண்டு உங்களுக்கு ஒருநாளும் தெரியாது. இறங்குங்கோ.”

இறங்கினேன். அவன் வேலைக்குத் திரும்பிப் போனான். நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

5

மகனுக்குப் படியில் வழுக்கியதாகச் சொன்னேன். ஆரணி நம்பவில்லை. அவளுக்கு உண்மையைச் சொன்னேன். என் தமிழை அவள் இடைமறிக்காமல் கேட்டது அதுதான் முதல் தடவை. முடிந்தபின், “உங்களால் நிறுத்தியிருக்க முடியுமா?” என்று கேட்டாள்.

“ஓம்.”

எழும்பிப் போய்விட்டாள். அதன்பிறகு உரோமைப்பற்றி அவள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பை நகர்த்தித் தருவாள், அவ்வளவுதான். பிள்ளைகள் மொழியால் தூரமாகிறார்கள் என்று இங்கே எங்கள் சங்கக் கூட்டங்களில் கவலைப்படுவோம். என் பேத்தி எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டபின் தூரமானாள்.

தவம் பல வாரங்கள் வரவில்லை. மழை விட்ட ஒரு பின்னேரம் வாசலில் நின்றான். வேலைத்தல ஜாக்கெட்டோடு, சவரம் செய்யாமல். உள்ளே வரச் சொன்னேன். வந்தான், கதிரையில் இருக்கவில்லை. ஆரணி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்; அவன் தொடவில்லை.

“அண்டைக்கு ஊருக்கு முன்னால பேசினனீங்கள்,” என்றான். “ஊருக்குத்தான் சொல்லவேணும். எனக்கு மட்டும் சொன்னாப் போதாது.”

“எழுதுறன்.”

“நான் அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனதையும் எழுதுங்கோ. மறைக்காதேங்கோ.”

“ஏன்?”

“அவர் பஞ்சியில, சோம்பலில நித்திரை கொண்டவர் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. அப்பான்ர வெங்காயத்துக்கு இறைச்சுப்போட்டு நித்திரை கொண்டவர்.”

தலையசைத்தேன். அவன் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து கல் வெட்டுகிற இடத்துத் தாளை எடுத்து மேசையில் விரித்தான்.

“ஒருத்தர் கையெழுத்து வைக்கவேணுமாம். பிழை இருந்தாத் திருத்துங்கோ. திருத்திறதில நீங்கள் கெட்டிக்காரன்தானே.”

ஆரணி சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தாளை இழுத்து வைத்து வாசித்தேன். அம்மாவின் பெயர். கீழே யோகேஸ்வரனின் பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது. கடைசியில் ‘தம்பி செய்வித்தான்’ அப்படியே இருந்தது. நடுவில் என் வரி இருந்த இடத்தில் வேறொன்று இருந்தது. வீட்டில் கதைக்கிற மாதிரியே எழுதியிருந்தான்:

‘அண்ணா, நித்திரை கொள்ளுங்கோ.’

“சரியோ?” என்றான் தவம்.

“சரி,” என்றேன். ஒன்றையும் திருத்தாமல் கையெழுத்து வைத்தேன்.